எழுபத்திரண்டு மணி நேரம்

திங்கட்கிழமை காலை ஏழே கால்.
கோடியக்காட்டில் பன்னிரண்டாவது மாடு.
பக்கிரிசாமி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள
கழுத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு மயிர் மழித்தேன்.
தோலை மடித்துக் காலிப்பரில் வைத்தால்
ஆறரை மில்லிமீட்டர். எழுதிக்கொண்டேன்.
ஊசி இறங்கிய இடம்
துவரம்பருப்பு அளவுக்குப் புடைத்தது.

உம்பளாச்சேரிப் பசு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி,
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதுபோல் காலில் வெள்ளை சாக்ஸ்.
பதிவேட்டுக்காகப் பெயர் கேட்டேன்.
"பேரெல்லாம் இல்ல. ஏன்னு கூப்புட்டா வந்துரும்"
என்றாள் காசாம்பு.
காபி கொடுத்தாள், அந்தப் பாலில்தான்.
நன்றாகக் கொதித்ததா என்று கேட்க வாய் வந்தது.
நுரையைப் பார்த்துவிட்டுக் குடித்தேன்.

நோய் உள்ளே இருந்தால்
தோலுக்கு ஞாபகம் இருக்கும்.
நினைவுக்கு வரத்தான் மூன்று நாள்.

மாசியில் வனத்துறை கூப்பிட்டிருந்தது.
முள்மேட்டில் ஒரு வெளிமான் கிடா,
முறுக்குக் கொம்பு மண்ணில் குத்தியிருக்க.
விலாவை எண்ணலாம்.
நெஞ்சைத் திறந்தேன்.
நுரையீரலில் நுரையே இல்லை.
சின்னதும் பெரிதுமாய் உருண்டைகள்;
வெட்டினால் கத்தி நரநரத்தது
சோற்றில் கல் கடிபட்டதுபோல்.
உள்ளே திரிந்த பால்.
காவலர் எட்டிப் பார்த்தார்:
"உப்பளத் தண்ணி குடிச்சு உப்பு கட்டிருச்சா மேடம்?"
முகக்கவசத்துக்குள்
நான் சின்னச் சின்னதாய் மூச்சு விட்டேன்.

கோடையில் இங்கே நல்ல தண்ணீர்
இரண்டு குட்டை, மிஞ்சினால் மூன்று.
மேட்டூர் திறந்தாலும்
கடைமடை தாண்டி ஒரு கை நீர் வராது.
மானும் அங்கே, மட்டக்குதிரையும் அங்கே,
அவிழ்த்துவிட்ட மாடும் அங்கே
ஒரே சேற்றில் மூக்கு வைக்கும்.
முதலில் இருமியது யாரென்று
தண்ணீரைக் கேட்க முடியாது.
அதனால்தான் வீடு வீடாய்க் காலிப்பர்.

செவ்வாய். புதன்.
விடிகாலை சொசைட்டி வண்டியில் கேன் உருளும் சத்தம்.
விழித்துக்கொண்டு
எந்தெந்த வீட்டுப் பால் என்று எண்ணினேன்.

வியாழன், ஏழே கால்.
தொடுவதற்கு முன்பே தெரிந்தது.
சாய்ந்த வெயிலில் அந்த மேட்டுக்கு நிழல் இருந்தது.
பதினேழு.
மறுபடி வைத்தேன். பதினேழு.
பக்கிரிசாமி பேனாவை நீட்டவில்லை.

சுற்றறிக்கையில் உள்ளதைச் சொன்னேன்:
தனியாகக் கட்டு, பாலை விற்காதே,
கன்றுக்கு விடாதே, சந்தைக்கு ஓட்டாதே.
"தனியான்னா எங்க?"
கொட்டகை என்பது வீட்டின் பின்பக்கம்.
கீற்றுத் தடுப்புக்கு அந்தண்டை மாடு,
இந்தண்டை அவள் புருஷன் கட்டில்.
தலைமாட்டில் ஆணியில்
தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், நூலில் கோத்து.
ஆறு மாதம்.
"ஒரு வேளை தவறல. நர்சம்மா கேட்டா காட்டணும்ல."
ராத்திரி முழுக்க அவர் இருமிய நாட்களில்
மாடும் எழுந்து நின்றுகொள்ளுமாம்.
கட்டிலுக்கும் கழுத்துக்கும் இரண்டு முழம் இருக்கும்.
அதை நான் அளக்கவில்லை.

"அவருக்கு ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க.
இதுக்கு எத்தன மாசம்?"

படிவத்தில் 'மேல்நடவடிக்கை' என்றொரு கட்டம் உண்டு.
இதுவரை நான் அதை நிரப்பியதில்லை.
கொல்ல உத்தரவில்லை, ஈடு கொடுக்கப் பணமில்லை,
வைத்தியம் பார்க்காதே என்கிறது புத்தகம்.
மாடு என் கையிலிருந்த சோப்பை நக்கப் பார்த்தது.
"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.
யாரைக் கேட்பேன் என்று பக்கிரிசாமிக்குத் தெரியும்,
குனிந்து கயிற்றைச் சுருட்டினான்.

உள்ளே போனவள் டம்ளரோடு வந்தாள்.
கடுங்காப்பி, கருப்பட்டி போட்டு.
மேடு எழும்பியதைப் பார்த்து
நேற்றே சொசைட்டிக்கு ஊற்றவில்லையாம்.
நாலு லிட்டரும் தென்னைக்கு அடியில்.
ஈ மொய்த்த அந்த வெள்ளை
இன்னும் முழுசாய் மண்ணுக்குள் போகவில்லை.

"குடிங்க," என்றாள்.
"இதுல ஒண்ணும் இல்ல."